தாணே கழிமுகத்தில் கைகொடுத்தவர்களுக்கு நன்றி

தாராவி, வடாலா, செம்பூர், மான்குர்த் தொடங்கி அக்கரையில் நெருல் வரை உள்ள நம் சொந்தங்களுக்கும், அவர்கள் கூட்டி வந்த நண்பர்களுக்கும் வணக்கம்.

மும்பைக்கும் நவி மும்பைக்கும் இடையே உள்ள தாணே கழிமுகத்தின் அலையாத்திக் காட்டில் சிக்கிய வலைகளையும் குப்பையையும் அகற்றும் இந்தப் பருவத் துப்புரவு, பூநாரைகள் (ஃபிளமிங்கோ) வந்து இறங்கும் முன்பே முடிந்துவிட்டது. சேற்றில் இறங்கிய அத்தனை பேருக்கும் நன்றி. அதற்கும் மேலாக, "இதைச் செய்யாதீங்க" என்று தடுத்தவர்களுக்கு நன்றி சொல்லியாக வேண்டும்.

முதலில், மும்பையின் பூர்வகுடி மீனவர்களான கோலி சமூகப் பெரியவர்கள். நாம் ஞாயிற்றுக்கிழமை பார்ப்போம், அவர்கள் திதி பார்ப்பார்கள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மும்பைக் கடல் நான்கு மீட்டருக்கு மேல் ஏறி இறங்கும். நீர் திரும்பும் வேகத்தில், முழங்கால் வரை புதைந்தவரால் கரைக்கு ஓடி வர முடியாது. அஷ்டமி, நவமியை ஒட்டி ஏற்றமும் வற்றமும் மெதுவாக இருக்கும், அலையாத்திக் காட்டுக்குள் தண்ணீர் அதிகம் ஏறாது. நல்ல காரியத்துக்கு ஆகாத நாள் சேற்று வேலைக்கு நன்றாகவே ஆகிறது! வற்றம் நாளுக்கு நாள் ஏறத்தாழ 50 நிமிடம் தள்ளிப் போகும் என்பதால், போன வாரத்து நேரத்தை நம்பி யாரும் இறங்கக்கூடாது. முழு வற்றத்துக்கு இரண்டு மணி நேரம் முன்பே இறங்கி, நீர் திரும்பியதும் கரையேறிவிட வேண்டும்.

தாராவித் தையல்காரர்கள் பழைய துணி வெட்டும் கத்தரிகளைக் கொடுத்தார்கள். அவை இல்லாவிட்டால் வலைகளைத் தொட்டிருக்கவே முடியாது. வெண்கண்டல் மரத்தின் மூச்சு வேர்கள் பென்சில் கனத்தில் சேற்றுக்கு மேலே நீட்டி நிற்கும். அவற்றின் நுண்துளை வழியாகத்தான் சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்று போகிறது. நைலான் வலை சுற்றிக்கொண்டால் அதில் பால் கவரும் சிப்ஸ் உறையும் வந்து அப்பி, மூச்சை அடைத்துவிடும். இழுத்தால் வலையோடு வேரும் முறியும். ஆகவே ஒரு சாண் துண்டுகளாக வெட்டி எடுப்பதே சரி. சேற்றுக்குள் புதைந்த பகுதியைத் தரை மட்டத்தில் நறுக்கி அப்படியே விட்டுவிட வேண்டும். தோண்டினால் கெடுதல் அதிகம். கத்தரியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவித் தேங்காய் எண்ணெய் தடவாவிட்டால் மறு வாரம் திறக்காது.

பழைய பொருள் தொழிலில் இருக்கும் அண்ணாச்சிமார் சாக்குகள் தந்ததோடு கரையிலேயே பிரிக்கவும் கற்றுக்கொடுத்தார்கள். பாட்டிலும் கெட்டிப் பிளாஸ்டிக்கும் விலை போகும். பல அடுக்கு ஒட்டிய தின்பண்ட உறைக்கும், சேறு படிந்த தெர்மாகோலுக்கும் வாங்க ஆளில்லை. அவை மாநகராட்சி வண்டிக்குத்தான். ஈரச் சாக்கை எடை போட்டுப் பெருமைப்படாதீர்கள், அதில் பெரும்பங்கு சேறு என்று அவர்கள் சொன்னது நியாயம்.

அலையாத்திக் கன்று நட்டுத் தருகிறோம் என்று வந்த நிறுவனங்களிடம் பொறுமையாக மறுப்புச் சொன்ன வனத்துறைப் பணியாளர்களுக்குத் தனி நன்றி. வெறும் சேற்றுவெளி தரிசு நிலமன்று. உள்ளான் என்னும் கரைப்பறவைகள் அதில் புழு தேடுகின்றன. சிறு பூநாரை அதன் மேல் நுண்பாசியை வடிகட்டித் தின்கிறது. அங்கே கன்று நட்டால் பறவையின் சாப்பாட்டுத் தட்டில் மரம் வைத்ததுபோல் ஆகும். நட வேண்டிய இடம், முன்பு காடு இருந்து அழிந்த இடம். அங்கும் முதலில் அடைபட்ட ஓடையைத் திறந்து ஓதநீரை உள்ளே விட்டால், பெரும்பாலும் விதைகள் தாமாகவே மிதந்து வந்து முளைத்துக்கொள்ளும்.

நெருல், சீவுட்ஸ் குடியிருப்புக்காரர்களின் வேலை சத்தமில்லாதது. தாணே கழிமுகம் 2015இல் பூநாரைச் சரணாலயமானது, 2022இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. ஆனால் ஏற்றத்தில் சேற்றுவெளி மூழ்கும்போது பறவைகள் ஒதுங்கும் அக்கரை ஏரிகள் சரணாலய எல்லைக்கு வெளியே கிடக்கின்றன. அவற்றுக்குக் கடல்நீர் வரும் குழாய் வாயை வண்டலும் குப்பையும் அடைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும்: தரை காய்ந்து வெடித்து நாய்கள் பறவை வரை நடந்துபோகும், அல்லது மழைநீரும் சாக்கடையும் தேங்கிப் பாசி படர்ந்து, நீரில் பிராணவாயு குறையும். அளவுக்கோல் நட்டு, ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் நீர்மட்டம் மாறுகிறதா என்று குறித்து வைத்தீர்களே, அடைப்பைக் காட்ட அதைவிட நல்ல சாட்சி கிடையாது. ஏரியைப் பார்த்த விளக்குகளைத் திருப்பி வைத்த சங்கங்களுக்கும் நன்றி.

காகிதத் தட்டு வேண்டாம் என்று தூக்குச்சட்டியில் இட்லி கொண்டுவந்த அக்காமாருக்கும்தான்.

ஜனவரியில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு. வர விரும்புகிறவர்கள் மங்கலான நிறத்தில் சட்டை போட்டு வாருங்கள். பத்துப் பறவை எவ்வளவு இடம் அடைக்கிறது என்று கண்ணில் பதித்துக்கொண்டு, பத்துப் பத்தாக எண்ணப் பழகுங்கள். இரு கரையிலும் ஒரே நேரத்தில் எண்ணினால்தான் பறந்து போனதை மறுபடி எண்ணாமல் இருக்கலாம் என்பதால், அக்கரைக்கு இன்னும் ஆட்கள் தேவை.

இப்படிக்கு,
துப்புரவில் சேர்ந்திருந்தோர், மும்பை