‘யூபாட்ரிடே’ என்போர் யார்?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வெளியான பண்டைய ஏதென்ஸ் பற்றிய கட்டுரை, சட்டச் சீர்திருத்தம் செய்த சோலோனுக்கு முன் அந்நகரை ஆண்ட ‘யூபாட்ரிடே’ வகுப்பாரைப் ‘பெருஞ்செல்வர்’ என்று ஒரே சொல்லில் கடந்துவிடுகிறது; சோலோன் ‘செல்வரின் ஆதிக்கத்தை ஒழித்தார்’ என்றும் எழுதுகிறது. அவர்கள் நிலவுடைமையாளர்கள் என்பது உண்மையே. ஆனால் அப்பெயர் உடைமையைச் சுட்டுவதன்று. கிரேக்கத்தில் ‘யூ’ என்பது நன்மையையும் ‘பாட்டேர்’ என்பது தந்தையையும் குறிக்கும். நல்ல தந்தையர் வழிவந்தோர், அதாவது நற்குடிப் பிறந்தோர் என்பதே பொருள். ரோமாபுரியின் ‘பட்ரீசியர்’ என்ற பெயரும் தந்தை என்னும் சொல்லடியாகப் பிறந்ததுதான்.

தீசியஸ் மன்னனே ஏதென்ஸைச் சூழ்ந்த அட்டிகா பகுதி மக்களை யூபாட்ரிடே, உழவர், கைவினைஞர் என மூன்றாகப் பகுத்து, சமயச் சடங்குகளையும் ஆட்சிப் பதவிகளையும் சட்டத்துக்குப் பொருள் கூறும் உரிமையையும் முதல் வகுப்பாருக்கே ஒதுக்கினான் என்று புளூட்டார்க் எழுதுகிறார். தீசியஸ் புராண நாயகன். புளூட்டார்க்கோ ரோமானியப் பேரரசுக் காலத்தவர். எனவே இதை வரலாறாகக் கொள்வதற்கில்லை. ஆயினும் அந்தச் சட்ட உரிமை கவனிக்கத்தக்கது. கி.மு. 621 வாக்கில் டிராக்கோ என்ற ஏதென்ஸ் சட்டமியற்றுநர் எழுதிவைக்கும் வரை சட்டம் ஏட்டில் இல்லை. யூபாட்ரிடேக்களின் வாய்ச்சொல்லே சட்டம்.

கட்டுரையாளரின் மொழிபெயர்ப்பை ஏற்றால் கி.மு. 594-இல் சோலோன் செய்த சீர்திருத்தத்துக்கே பொருளில்லாமல் போகிறது. ஆண்டு விளைச்சல் 500 மெடிம்னோஸ் (கிரேக்கத் தானிய அளவு) உடையோர், 300 உடையோர், 200 உடையோர், அதற்கும் குறைந்தோர் என மக்களை நான்காகப் பிரித்து, ஆர்க்கான் (ஆட்சித் தலைவர்) முதலிய உயர் பதவிகளை விளைச்சல் மிகுந்தோருக்குத் திறந்துவிட்டவர் அவர். குலம் இருந்த இடத்தில் செல்வத்தை வைத்தார். அப்படியிருக்க, அவர் ‘செல்வரின் ஆதிக்கத்தை ஒழித்தார்’ என்று எழுதுவது எவ்வாறு பொருந்தும்?

பிறப்பின் செல்வாக்கும் உடனே மறைந்துவிடவில்லை. கி.மு. 580 வாக்கில், ஓராண்டுப் பதவியை விடாமல் இரண்டாண்டு இரண்டு மாதம் பிடித்துவைத்திருந்த டமாசியஸ் என்ற ஆர்க்கானை வலுக்கட்டாயமாக வெளியேற்றிய பின், ஏதெனியர் பத்து ஆர்க்கான்களைத் தேர்ந்தனர் என்று அரிஸ்டாட்டில் பெயரில் வழங்கும் ஏதென்ஸ் அரசமைப்பு நூல் கூறுகிறது. உழவருக்கு மூன்று இடம், கைவினைஞருக்கு இரண்டு, எஞ்சிய ஐந்தும் யூபாட்ரிடேக்களுக்கு. தொடரின் அடுத்த பகுதியிலாவது ‘நற்குடியினர்’ என்று திருத்தி வெளியிட வேண்டுகிறேன்.

இங்ஙனம்,
வாசகர் ஒருவர்,
திருச்சி.