மூட்டில் நீரா? ஸ்கேனுக்கு முன் கை வைத்துப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தைப்பூசம், பங்குனி உத்திரம் முடிந்ததும் ஈரோடு, காங்கேயம், தாராபுரம் பக்கத்துக் கிளினிக்குகளில் முழங்கால் வீக்கத்தோடு வருகிறவர்கள் கூடிவிடுவார்கள். பழனிக்கு நடந்தவர்களோடு, தறிக்கூடத்தில் நாள் முழுக்க நின்றவர்களும் மஞ்சள் காட்டில் குந்தி உட்கார்ந்து களை எடுத்தவர்களும் அந்த வரிசையில் உண்டு. எல்லோரும் சொல்வது ஒன்றே: "மூட்டுல நீர் கோத்துக்கிச்சுங்க." உடனே எம்.ஆர்.ஐ. எழுதிக் கொடுக்கிறார்கள், இல்லாவிட்டால் ஊசி போட்டு உறிஞ்சிவிடுகிறார்கள். அதற்கு முன் ஐந்து நிமிடம் கையால் தொட்டுப் பார்க்கும் வேலை பல இடங்களில் விட்டுப்போகிறது.

பேன்ட்டை முழங்கால் வரை சுருட்டிவிட்டுப் பார்ப்பது சோதனையே ஆகாது. பாதித் தொடை வரை, இரண்டு காலும் தெரிய வேண்டும். ஆண்கள் லுங்கி கட்டி வந்தால் வசதி. பெண்களுக்குப் போர்த்திக்கொள்ள ஒரு துணி தரவேண்டும். காலையில் தைலம் தேய்த்து, கிரேப் பேண்டேஜ் இறுக்கிக் கட்டி வந்தால் சூடும் சிவப்பும் எதனால் வந்தவை என்று யாராலும் சொல்ல முடியாது. அன்றைக்கு மட்டும் தைலத்தை விட்டுவிடுங்கள்.

முதலில் நிற்க வைத்துப் பின்பக்கம் பார்க்க வேண்டும். முழங்காலுக்குப் பின்னால் உள்ள குழியில் பேக்கர் கட்டி (மூட்டு நீர் பின்பக்கம் பிதுங்கி நிற்கும் பை) இருந்தால் அப்போதுதான் நன்றாகத் தெரியும். பிறகு மல்லாக்கப் படுக்க வைத்து, காலை நீட்டி, தொடையைத் தளரவிடச் சொல்ல வேண்டும். முழங்கால் சில்லைப் பக்கவாட்டில் அசைத்தால் லேசாக நகர வேண்டும். நகராவிட்டால் பெரும்பாலும் தொடை இன்னும் இறுகியிருக்கிறது என்று பொருள். புறங்கையால் தொடையிலிருந்து கீழே தடவி வந்தால், நல்ல முழங்கால் தொடையைவிடச் சற்றுக் குளிர்ச்சியாக இருக்கும். தொடை அளவுக்குச் சூடு இருந்தாலே சந்தேகப்படலாம்.

இனி நீரைத் தேடுவது. நல்ல மூட்டிலும் 4 மில்லிக்குள் நீர் உண்டு. அதற்குச் சற்றே கூடினால் சில்லின் உள்பக்கக் குழி மேடிட ஆரம்பிக்கும். அந்தக் குழியைக் கீழிருந்து மேலாக இரண்டு மூன்று முறை உள்ளங்கையால் வழித்துவிட்டு, உடனே வெளிப்பக்கத்தை மேலிருந்து கீழாக ஒருமுறை வழிக்க வேண்டும். கண் கையில் இருக்கக் கூடாது, உள்பக்கக் குழியில் இருக்க வேண்டும். நீர் இருந்தால் அங்கே சின்னதாக ஒரு புடைப்பு எழும். பக்கவாட்டிலிருந்து வெளிச்சம் விழுந்தால் தப்பாது. சில மில்லி நீரைக்கூட இப்படிக் கண்டுபிடிக்கலாம். ஆனால் மூட்டு நிறைந்து விம்மியிருந்தால் நீர் நகர இடமிருக்காது, புடைப்பும் எழாது. "புடைப்பு வரவில்லை, நீர் இல்லை" என்று ஏமாறுவது இங்கேதான்.

நடுத்தர அளவுக்குச் சில்லைத் தட்டிப் பார்க்கும் முறை. சில்லுக்கு ஒரு சாண் மேலே தொடையை ஒரு கையால் அழுத்திப் பிடித்தபடி சில்லின் மேல்விளிம்பு வரை இறக்கி, அங்கேயே பிடித்துக்கொள்ள வேண்டும். மறுகை விரல்களால் சில்லின் நடுவில் நேர்கீழாக வெடுக்கென்று அழுத்தினால், குடத்து நீரில் மிதக்கும் கொட்டாங்குச்சி போல அது இறங்கித் தொடையெலும்பில் 'டக்'கென்று முட்டி மேலே வரும். மேல்கை தளர்ந்தால் நீர் மேலே ஓடிவிடும். சில்லின் ஓரத்தில் அழுத்தினால் அது சாய்வதையே அந்த 'டக்' என்று நினைத்துவிடுவோம். நீர் மிகக் குறைவென்றாலும் மிக அதிகமென்றாலும் 'டக்' கேட்காது; அதனால் இரண்டு சோதனையும் வேண்டும்.

வீங்கியதெல்லாம் மூட்டு நீர் ஆகாது. டைல்ஸ் ஒட்டுபவர்கள், மண்டியிட்டுத் தரை துடைப்பவர்களுக்குச் சில்லின் மேலேயே பந்துபோல வீங்கும். அது தோலுக்கும் சில்லுக்கும் நடுவே உள்ள பையின் வீக்கம். மூட்டு நீர் சில்லைச் சுற்றி, மேலேயும் இரு பக்கமும்தான் நிற்கும். சில்லு கைக்குத் தெளிவாகத் தட்டுப்படும்.

வலியைத் தேட, முழங்காலை 90 டிகிரி மடக்கி, 'எங்கே வலிக்கிறது, ஒரு விரலால் காட்டுங்கள்' என்று கேட்பதே பாதி வேலை. பிறகு மூட்டு இடுக்கில் கட்டைவிரலை வைத்து மெதுவாக நகர்த்த வேண்டும். இடுக்கிலேயே வலித்தால் ஜவ்வுக் (எலும்புகளுக்கு நடுவே மெத்தைபோல் உள்ள குருத்தெலும்பு) கிழிசலோ தேய்மானமோ இருக்கலாம். உள்பக்கத்தில் அதற்கு மூன்று விரற்கடை கீழே வலித்தால் தசைநாருக்கு அடியில் உள்ள பையின் வீக்கமாக இருக்கக்கூடும். இடுப்பை உள்ளே, வெளியே திருப்பும்போது முழங்கால் வலித்தால் கோளாறு இடுப்பில். முழங்காலுக்கு எடுத்த எம்.ஆர்.ஐ. காசு அப்போது தண்டம்.

அடிபட்ட ஓரிரு மணி நேரத்தில் வீங்கியதா, மறுநாள் காலையில் வீங்கியதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். உடனே வீங்கினால் உள்ளே ரத்தம். தசைநார் அறுந்திருக்கலாம், எலும்பு விரிசல் விட்டிருக்கலாம். ராத்திரி கழித்து வீங்கினால் பெரும்பாலும் ஜவ்வு. அடியே படாமல் காய்ச்சலோடு சிவந்து, கொதித்து, கொஞ்சமும் மடக்க முடியாவிட்டால் கிருமி புகுந்திருக்கலாம். சர்க்கரை நோயாளிகள் கூடுதலாக அஞ்ச வேண்டும். நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளாமல் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஊசி, நீரை எடுத்துச் சோதிக்கத்தான். அந்த மூட்டில் ஸ்டீராய்டு போட்டால் வினை.

உறிஞ்சிய நீரைக் கொட்டிவிடுவது இன்னொரு கெட்ட பழக்கம். வைக்கோல் நிறத்தில் தெளிவாக இருந்தால் தேய்மானம் என்று எண்ணலாம். கலங்கலாக இருந்தால் வெள்ளை அணு எண்ணிக்கை, கௌட் வாதத்தில் வரும் யூரேட் படிகம், கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) மூன்றும் பார்க்க வேண்டும். ரத்தத்தின் மேல் எண்ணெய்த் துளிகள் மிதந்தால் எலும்பு முறிவைத் தேட வேண்டும்.

வீட்டில் முழங்காலுக்கு அடியில் தலையணை வைப்பதை நிறுத்துங்கள். மடக்கிய நிலையில் நீருக்கு இடம் அதிகம், அதனால்தான் சுகமாக இருக்கிறது. நாளடைவில் கால் நீட்டவே வராது. மூட்டில் நீர் தேங்கினால் தொடைத் தசையும் சோர்ந்து போகும். கிழிசலோ முறிவோ இல்லையென்றால், காலை நீட்டித் தொடையை 5 விநாடி இறுக்கிவிடும் பயிற்சியைப் படுக்கையிலேயே தொடங்கலாம்.

ஊர் ஊராக நடக்கும் மூட்டுவலி முகாம்களுக்கு ஒரு வேண்டுகோள். நாற்காலியில் உட்கார வைத்து, சேலைக்கு மேலேயே அமுக்கிப் பார்த்து மாத்திரை எழுதும் முறையை விட்டுவிடுங்கள். கல்யாண மண்டபத்தில் ஒரு கட்டிலும் மறைப்புக்கு ஒரு திரையும் போட இடமில்லாமல் போகாது.

இப்படிக்கு,
எலும்பு மூட்டு மருத்துவர் ஒருவரும் பிசியோதெரபிஸ்ட் ஒருவரும்,
கோபிசெட்டிபாளையம்.