கவுண்டரை விட்டு நகரும் முன்

அன்பு மகள் கயலுக்கு,

வாடகை முன்பணத்தை மணியார்டராகத்தான் தர வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டதாக எழுதியிருந்தாய். அவர் கேட்பதில் தப்பில்லை. பணத்தை முழுசாகக் கட்டித்தான் அதை வாங்க முடியும் என்பதால், காசோலை மாதிரி கணக்கில் பணமில்லை என்று திரும்பி வராது. ஆனால் நம் ஊரில் தபால்காரர் வீடு தேடி வந்து ரொக்கமாக எண்ணிக் கொடுக்கிற மணியார்டர் இல்லை இது. பணம் கட்டியதும் கவுண்டரிலேயே, காசோலை மாதிரி ஒரு காகிதமாக உன் கையில் தந்துவிடுவார்கள். நிரப்புவது உன் பொறுப்பு.

தொகையை அவர்களே அச்சடித்துத் தருவார்கள், சரியா என்று ஒரு முறை பார்த்துக்கொள். அப்புறம் அங்கேயே நின்று, பெறுபவர் என்ற இடத்தில் வீட்டுக்காரர் பெயரை எழுதிவிடு. வீட்டுக்குப் போய் நிதானமாக எழுதலாம் என்று பைக்குள் வைக்காதே. அந்த இடம் காலியாக இருக்கும்வரை அது ரொக்கம் மாதிரிதான். வழியில் விழுந்தால், எடுத்தவர் தன் பெயரை எழுதிக்கொண்டு போய்விடலாம். அதனால் போவதற்கு முன்பே வீட்டுக்காரரிடம் பெயரைக் கேட்டு, எழுத்து பிசகாமல் குறித்துக்கொள். எல்லாரும் அவரைக் கூப்பிடுகிற பெயர் வேறாக இருக்கலாம். வங்கிக் கணக்கில் உள்ள பெயர்தான் வேண்டும்.

மை பேனாவால் எழுது. தப்பாகிவிட்டால் அடித்துத் திருத்தாதே, வெள்ளை மை பூசாதே. திருத்தல் இருந்தால் வங்கியில் வாங்க மறுப்பார்கள். ரசீதோடு வாங்கிய இடத்துக்கே எடுத்துப் போய், பணத்தைத் திரும்பக் கேள், அல்லது வேறு மணியார்டர் கேள். அதற்குக் கட்டணம் கேட்டாலும் கொடுத்துவிடு.

கையெழுத்தில்தான் பலர் குழம்புவார்கள். மணியார்டரை விலைக்கு வாங்குபவர், அதாவது நீ, கையெழுத்துப் போட முன்பக்கம் கோடு இருந்தால் அதில் மட்டும் போடு. சில மணியார்டர்களில் அந்தக் கோடே இருக்காது, அனுப்புபவர் பெயரும் முகவரியும் மட்டும் கேட்பார்கள். அப்படியானால் எங்கேயும் கையெழுத்து வேண்டாம். பின்பக்கம் இருக்கிற கோடு வீட்டுக்காரருக்கு, அவர் பணமாக்கும்போது போடுவதற்கு. காலியாக இருக்கிறதே என்று அதிலும் கிறுக்கி வைக்காதே. நீதான் கோட்டைக் கண்டாலே கையெழுத்துப் போடுகிற ஆளாயிற்றே!

விவரம் எழுத இடமிருந்தால், 'வாடகை முன்பணம்' என்றும் வீட்டு எண்ணையும் எழுது. ஒரு மணியார்டருக்கு உச்சவரம்பு உண்டு. தொகை அதைத் தாண்டினால் இரண்டாக வாங்க வேண்டிவரும், அப்போது இரண்டையும் தனித்தனியாக நிரப்பு.

ரசீதுத் துண்டைக் கிழித்து வைத்துக்கொள். அதில் வரிசை எண் இருக்கும். மணியார்டர் தொலைந்தாலும், பணம் வரவில்லை என்று அவர் சொன்னாலும், அந்த எண்ணை வைத்துத்தான் விசாரிக்க முடியும். போட்டோ எடுத்து எனக்கும் ஒன்று அனுப்பு.

வீட்டுக்காரரிடம் கொடுக்கும்போது, பெற்றுக்கொண்டதாக ஒரு வரி எழுதி வாங்கு. கேட்கத் தயங்குவாய், தெரியும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடும்போதே கேட்டுவிட்டால் சங்கடம் இருக்காது.

அன்புடன்,
அப்பா