மெஷின் இலவசம், வாடகை தனி

அன்புள்ள ஆசிரியருக்கு,

கும்பகோணத்தில் சின்னதாக ஒரு ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். நானும் மனைவியும் ஒரு கடைப்பையனும், அவ்வளவுதான். ஜிபே வந்ததிலிருந்து சில்லறைத் தொல்லை ஒழிந்தது, கல்லாப்பெட்டி பக்கத்தில் இருக்கும் ஸ்பீக்கரே பணம் வந்ததைக் கத்திச் சொல்லிவிடுகிறது. ஆனால் கல்யாண ஜவுளி எடுக்க வருகிறவர்கள் பில் பதினைந்தாயிரம் இருபதாயிரம் என்று ஏறியதும் "கிரெடிட் கார்டு வாங்குவீங்களா அண்ணே" என்கிறார்கள், இல்லை என்றால் எழுந்து பெரிய கடைக்குப் போய்விடுகிறார்கள். இரண்டு முகூர்த்த சீசன் இப்படிப் பார்த்துவிட்டு, சரி, நாமும் ஒன்று வைப்போம் என்று போன ஐப்பசியில் ஒரு கார்டு மெஷினுக்கு எழுதிக்கொடுத்தேன்.

வந்த பையன் நல்ல பேச்சுக்காரன். "மெஷின் ஃப்ரீ சார், மாட்டுறதும் ஃப்ரீ சார்." பான், ஆதார், உத்யம் என்கிற சிறுதொழில் பதிவுச் சான்று, கேன்சல் செய்த செக், கடை வாசலின் போட்டோ எல்லாம் வாங்கி, அவன் போனிலேயே படிவத்தை நிரப்பி, என்னிடம் ஓடிபி கேட்டு, பத்து நிமிஷத்தில் கிளம்பிவிட்டான். ஒப்பந்தம் மெயிலில் வந்தது, 14 பக்கம், அத்தனையும் ஆங்கிலம். படிக்காமல் விட்டது என் தப்புதான், அதை மறைக்கவில்லை.

கார்டில் போன முதல் பெரிய பில், 18,500 ரூபாய்க்கு ஒரு பட்டுப்புடவை. மறுநாள் கணக்கில் விழுந்தது 18,107. கமிஷன் 1.8 சதவீதம், 333 ரூபாய். அந்தக் கமிஷன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, அது ஒரு 60. நான் ஜிஎஸ்டி எண் வாங்குகிற அளவுக்கு வியாபாரம் செய்கிறவன் இல்லை, அதனால் அந்த 60-ஐ வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளவும் வழியில்லை. பேரம் பேசி ஏற்கெனவே 500 குறைத்துக் கொடுத்த புடவை அது!

கிரெடிட் கார்டு கமிஷனுக்கு வரம்பு இல்லை, வியாபாரம் வேண்டுமென்றால் அழ வேண்டியதுதான். எனக்கு எரிச்சல் டெபிட் கார்டில். ரூபே டெபிட் கார்டுக்கு 2020 ஜனவரியிலிருந்து கமிஷனே கிடையாது. மற்ற டெபிட் கார்டுகளுக்கு, வருஷ விற்பனை 20 லட்சத்துக்குள் இருக்கிற கடையிடம் 0.40 சதவீதம், அதைத் தாண்டினால் 0.90, இதற்கு மேல் வாங்கக் கூடாது என்று 2018 ஜனவரியிலிருந்து ரிசர்வ் வங்கி விதியே இருக்கிறது. என் விற்பனை போன வருஷம் 17 லட்சம். ஸ்டேட்மெண்ட்டில் ஐந்து மாதமாக 0.90 பிடித்திருக்கிறார்கள். கேட்டால், படிவத்தில் "20 லட்சத்துக்கு மேல்" என்ற கட்டத்தில் டிக் விழுந்திருக்கிறதாம். டிக் போட்டது அவன் விரல், ஓடிபி சொன்னது என் வாய்.

அப்புறம் வாடகை. மாதம் 350, ஜிஎஸ்டியோடு 413. ஃப்ரீ என்று அவன் சொன்னது மெஷினின் விலையைத்தானாம். மார்கழி முழுக்க மெஷினை ஒருவரும் தொடவில்லை, அதற்கும் 413.

கடைக்குள் சிக்னல் கிடைக்காது, மெஷினைத் தூக்கிக்கொண்டு வாசல்படிக்கு ஓட வேண்டும். அப்படி ஒருநாள் ஓர் அம்மாவுக்கு 6,200 ரூபாய் கணக்கில் கழிந்துவிட்டது, மெஷினில் சீட்டு வரவில்லை. 5 நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும், தவறினால் நாளுக்கு 100 ரூபாய் நஷ்ட ஈடு என்று 2019-லேயே ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. வந்தது எட்டாம் நாள், வெறும் 6,200 மட்டும். நடுவில் அந்த அம்மா இரண்டு தடவை வந்து என்னை ஏமாற்றுக்காரனைப் போல் பார்த்துவிட்டுப் போனது எந்த ஸ்டேட்மெண்ட்டிலும் வராது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஓடிபி கேட்பதற்கு முன்னால், வாடகை எவ்வளவு, எந்தக் கார்டுக்கு எத்தனை சதவீதம், என்னை எந்தப் பிரிவில் போட்டிருக்கிறார்கள் என்று தமிழில் ஒரே ஒரு பக்கம் கையில் கொடுக்கட்டும். கார்டு மெஷினுக்கு எழுதிக்கொடுக்கப் போகிற கடைக்காரர்கள் அந்த 20 லட்சக் கட்டத்தை மட்டுமாவது தங்கள் கண்ணால் பார்த்துவிடுங்கள். கூடுதலாகப் பிடித்ததைத் திருப்பிக் கேட்டு எழுத்தில் புகார் கொடுத்திருக்கிறேன், வரும் வியாழனோடு 30 நாள் ஆகிறது. பதில் இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மேனுக்கு, அதாவது குறைதீர்க்கும் அதிகாரிக்கு, எழுதப்போகிறேன்.

இப்படிக்கு,
ஒரு ஜவுளிக்கடைக்காரர்,
கும்பகோணம்