கருவிக்கு முன் செவிலியரைக் கேளுங்கள்

மதிப்பிற்குரிய தமிழ்நாடு மக்கள் நல்வாழ்வுத் துறைச் செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். சர்க்கரை நோய் கண்ணைப் பாதித்திருக்கிறதா என்று அறிய, நோயாளிகளின் விழித்திரைப் படத்தைச் செயற்கை நுண்ணறிவைக் கொண்டு படிக்கும் கருவிகளை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வாங்குவதாக இருந்தால், ஒப்பந்தப்புள்ளி கோரும் முன் தாய்லாந்தின் அனுபவத்தைப் பார்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.

அங்கே பயன்படுத்தப்பட்ட, கூகுள் உருவாக்கிய கருவி, ஆய்வுகளில் கண் மருத்துவர்களுக்கு நிகராகத் தேறியது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அந்த ஆய்வுப் பணியில் பங்கேற்றது. ஆனால் 2018 இறுதியில் தொடங்கி, பத்தும் தானி, சியாங் மாய் மாகாணங்களின் 11 மருத்துவ நிலையங்களில் அது புழக்கத்துக்கு வந்தபோது, முதல் ஆறு மாதங்களில் ஏற்றிய 1,838 படங்களில் 21 விழுக்காட்டைத் தரம் போதாதென்று தள்ளிவிட்டது. பெரும்பாலான நிலையங்களில், படம் தெளிவாக விழ இருட்டாக்கிக்கொள்ளத் தனி அறை இல்லை, இணையமும் இழுத்தடித்தது. படம் தெளிவாகத்தான் இருக்கிறது என்று செவிலியருக்குத் தோன்றினாலும், கருவி ஏற்காவிட்டால் நோயாளி வேலையை விட்டுவிட்டு இன்னொரு நாள் மருத்துவமனைக்கு அலைய வேண்டும். அந்த அலைச்சலை எண்ணி, கருவியைச் சோதித்த அந்தக் கள ஆய்வில் சேர வேண்டாமென்று சில செவிலியர்களே நோயாளிகளிடம் சொன்னார்கள். இதை ஒத்துழையாமை என்று எழுதிவிடலாம். செவிலியர்களுக்குப் பயிற்சி அளிப்பவர் என்ற முறையில், நோயாளியை அறிந்த ஒருவரின் பொறுப்புணர்வு என்றே நான் கொள்கிறேன். ஆய்வாளர்களும் அதைக் காதுகொடுத்துக் கேட்டு, கருவி தள்ளிய படங்களைக் கண் மருத்துவர் பார்க்கும்படி நடைமுறையை மாற்றினார்கள்.

நம்மிடம் செவிலியரின் அத்தகைய பேச்சு மேலதிகாரிகள்வரை வருமா என்பதே என் கவலை. அதிகாரிகளின் ஆய்வுக் கூட்டத்தில் இலக்கு எட்டப்பட்டதா என்பது மட்டுமே கேள்வியாக இருந்தால், மங்கலான படத்தையும் ஏற்றிக் கணக்கை முடிக்கும் பழக்கம்தான் வளரும். "கருவி சொல்வது சரியில்லை" என்று பதிந்தவருக்கு விளக்கம் கேட்டு மெமோ வருமென்றால், அடுத்தவர் அதைப் பதியவே மாட்டார். நோட்டில் ஒருமுறையும் கணினியில் ஒருமுறையும் எழுதும் இரட்டை வேலையோடு இதுவும் சேர்ந்தால், நோயாளியின் முகத்தைப் பார்க்க நேரம் எங்கே இருக்கும்?

ஆகவே, கருவியின் முடிவை மறுக்கும் உரிமையைச் செவிலியருக்கு எழுத்துப்பூர்வமாக வழங்குங்கள். அப்படிப் பதிவதற்காக எவர்மீதும் நடவடிக்கை கூடாது என்று சுற்றறிக்கை விடுங்கள். தள்ளப்பட்ட படங்களின் எண்ணிக்கையையும் மறுப்புகளையும் மாதந்தோறும் ஒரு கண் மருத்துவர் ஆராயட்டும். கணினியில் ஏறிய விவரத்தை மீண்டும் பதிவேட்டில் எழுதச் சொல்வதை, கருவி வந்திறங்கும் முன்பே நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
ஒரு செவிலியர் பயிற்றுநர்