இடையன்குடி போயிட்டு வந்தேன் மக்கா

மக்கா, நல்லாருக்கியாலே? வீட்ல எல்லாரும் சொகமா? இங்க அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவல, மழதான் இன்னும் எட்டிப்பாக்கல.

போன வாரம் இடையன்குடி போனேன். திசையன்விளைல எறங்கி ஒரு ஆட்டோ, ரெண்டு பக்கமும் செம்மண்ணும் பனையும்தான். மிஷனரி கால்டுவெல் ஐயர் கட்டுன கிறிஸ்தவ கோயில்ல ரொம்ப நேரம் இருந்தேன்லே, 1847ல ஆரம்பிச்சு 1880லதான் முடிச்சிருக்காரு, அயர்லாந்துல பொறந்த மனுசன் 1841ல இங்க வந்தவரு, 1891ல கொடைக்கானல்ல செத்தும் ஒடம்ப இந்த ஊருக்கே கொண்டாந்து கோயிலுக்குள்ளயே அடக்கம் பண்ணியிருக்காங்க.

எல்லாரும் அவரோட திராவிட மொழி ஒப்பிலக்கண புஸ்தகத்ததான் பேசுறாங்க. எனக்கு 1881ல அவரு எழுதுன நம்ம திருநெல்வேலி ஜில்லா சரித்திரம்தான் பெருசா படுது. மனுசன் மேசைல உக்காந்து எழுதல கேட்டியா, கொற்கைல ஆள் வச்சி தோண்டிப் பாத்திருக்காரு, பழைய காயல் பொட்டல்ல நடந்து நடந்து ஒடைஞ்ச சீனப் பீங்கான் ஓட்ட பொறுக்கியிருக்காரு. அத வச்சிதான் சொல்றாரு, தாமிரபரணி வண்டல் சேர சேர கடல் பின்னுக்கு போயிட்டு, கொற்கை துறைமுகம் செத்துச்சு, அப்புறம் காயல் வந்துச்சு, அதுக்கும் அதே கதிதான், கடைசில தூத்துக்குடி. மூணு ஊரு கதையையும் ஒரு ஆத்து மண்ணு சொல்லிட்டுல்லா! படிச்சப்போ எனக்கு மேலு சிலுத்துட்டு.

அதுக்காக அவரு சொன்னதெல்லாம் வேதவாக்குன்னு நான் சொல்லல. 1849ல பனையேறி சனங்களப் பத்தி ஒரு புஸ்தகம் போட்டாரு, அவங்கள ரொம்ப தாழ்த்தி எழுதிட்டாரு, அந்த சனம் பின்னால கடுமையா எதுத்து நின்னுச்சு, நின்னது சரிதான். நம்ம பாட்டன் பூட்டன்மாரு தங்களப் பத்தி தாங்களே எழுதி வச்சிருந்தா இன்னொருத்தர் எழுத்துல நாம இப்படி நம்மள தேட வேண்டியதில்லயேன்னு எனக்கு மனசு ஆறவே இல்ல.

அதான் ஒன்கிட்ட கேக்கேன். ஒங்க தாத்தா சர்ச்சு உபதேசியாரா இருந்தப்போ ஊர் ஊரா போயி எழுதி வச்ச நோட்டு ரெண்டு பழைய வீட்டு மச்சுல மரப்பெட்டிக்குள்ள கெடக்குன்னு சொன்னேல்லா, பஞ்சத்துல யாரு எந்த ஊர விட்டு போனா, எந்த கெணறு எப்ப வெட்டுனதுன்னெல்லாம் அதுல இருக்குன்னு. கரையான் அரிக்கதுக்கு முன்னால எடுத்துரு மக்கா. கிறிஸ்மஸுக்கு வரும்போது கொண்டா, நான் ஒக்காந்து ஒவ்வொரு பக்கமா போட்டோ எடுத்து, எழுத்து புரியாத எடத்த ஒங்க பெரியத்தைகிட்ட கேட்டு எழுதிருதேன். அவங்களுக்கு இப்போ கண்ணுதான் மங்கலு, நெனப்பு நல்லாருக்குல்லா?