படிவத்தில் இல்லாத கேள்வி

ஆசிரியருக்கு வணக்கம்.

குழந்தையின்மை சிகிச்சைக்காகத் தம்பியுடனும் அவன் மனைவியுடனும் சென்றிருந்தேன். அவள் மடியில் 4 வருடப் பரிசோதனை அறிக்கைகள் தடித்த கோப்பாகக் கிடந்தன. தம்பி "இதோ வந்துவிடுகிறேன்" என்று வெளியே போனான். பேனா போன்ற கருவியை உறிஞ்சிவிட்டுப் பழ வாசனையோடு திரும்பினான். அவனுக்கு அன்றுதான் முதல் விந்துப் பரிசோதனை!

சிகரெட்டை விட்டு மின்சிகரெட்டுக்கு மாறியதையே பெரிய தியாகமாகச் சொல்பவன் அவன். தாரும் கார்பன் மோனாக்சைடும் குறைவு என்பது உண்மைதான். நிகோட்டின் எங்கே போயிற்று? அது ரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. விறைப்புக் குறைபாட்டுக்கு அதுவும் ஒரு காரணம். சிகரெட் புகையோ விந்தணுக்களின் எண்ணிக்கையையும் நீந்தும் திறனையும் குறைப்பதோடு, அவற்றின் டி.என்.ஏ.வையும் சிதைக்கிறது.

மின்சிகரெட் பற்றிய ஆய்வுகள் இன்னும் குறைவு. 2020இல் வெளியான டென்மார்க் ஆய்வு ஒன்றில், தினமும் அதைப் பயன்படுத்திய இளைஞர்களுக்கு விந்தணு எண்ணிக்கை குறைந்திருந்தது. அதுவே காரணம் என்று இதை வைத்து அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பிள்ளைக்காகக் காத்திருப்பவர் அந்தச் சந்தேகத்தின் பலனைக் கருவிக்கு ஏன் கொடுக்க வேண்டும்? விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய 3 மாதம் ஆகும். பரிசோதனைக்கு முந்தைய நாள் நிறுத்திப் பயனில்லை.

படிவத்தில் 'புகைப்பழக்கம் உண்டா?' என்று கேட்டிருந்தார்கள். தம்பி கூசாமல் 'இல்லை' என்று எழுதினான். மின்சிகரெட்டுக்கும் தனியாக ஒரு கேள்வியை மருத்துவமனைகள் சேர்க்க வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்